தலைப்புல நடிகர் பேரையும் போடுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க டிவி பக்கத்துல சிஐடிங்கற ஹிந்தி துப்பறியும் சீரியல் பத்தி வந்த துணுக்கு படிச்சேன். தயா, அபிஜீத், ஃபிரெடரிக்ஸ், டாக்டர் சாலுங்கேன்னு எல்லாரும் வரிசையா இருக்காங்க, நடிச்சவங்க பேரு மட்டும் ஒண்ணு கூட இல்ல. அந்த டீமோட தலைவர், போலீஸ் அதிகாரி ஏசிபி பிரத்யுமனா வந்த சிவாஜி சாட்டம் பேரையே விட்டுட்டா எப்படி சார்?

1998 ஜனவரில சோனில அது ஆரம்பிச்சப்போ எனக்கு ஹிந்தி சுத்தமா தெரியாது, ஆனா அந்த மனுஷன் கையைத் தூக்கி விரலைக் காத்துலயே திருகிக்கிட்டு 'குச் தோ கட்பட் ஹை'ன்னு சொன்னா, எங்கேயோ இடிக்குதுங்கறாருன்னு பக்கத்துல இருந்து யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதே இல்ல, அந்த விரலே சொல்லிடும். நடிக்க வர்றதுக்கு முன்னாடி பேங்க்ல கேஷியரா இருந்தவராம். நோட்டு எண்ணின விரலாச்சே.

தயானந்த் ஷெட்டி தப்பிச்சார், அவர் பேர்ல பாதிதான் கேரக்டர் பேரே. அபிஜீத்தா வந்த ஆதித்யா ஸ்ரீவாஸ்தவா பேரைக் கேட்டுப் பாருங்க, பாதிப் பேர் முழிப்பாங்க. தயா கதவு உடைக்கிற ஜோக்கை ஃபார்வர்ட் பண்ணிச் சிரிக்கிறோம், நானும்தான் சிரிக்கிறேன், ஆனா 2004ல இதே டீம் 111 நிமிஷ எபிசோடை கட்டே இல்லாம ஒரே ஷாட்ல எடுத்து கின்னஸ்ல இடம் பிடிச்சாங்கன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? நூறாவது நிமிஷத்துல ஒருத்தர் வசனத்தை மறந்தா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

எனக்கு ரொம்ப உறுத்தினது வேற. 2023 டிசம்பர் 5ம் தேதி, ஃபிரெடரிக்ஸா நடிச்ச தினேஷ் ஃபட்னிஸ் மும்பைல இறந்துட்டார், வயசு 57தான். மறுநாள் நான் பார்த்த பேப்பர்ல 'சிஐடி ஃபிரெடரிக்ஸ் மரணம்'னு தலைப்பு போட்டு நாலே வரி. அசடு மாதிரி ஒரு கேள்வி கேட்டு ஏசிபிகிட்ட முறைப்பு வாங்கிட்டு, அடுத்த செகண்டே ஒண்ணும் நடக்காத மாதிரி முகத்தை வச்சுப்பாரே, அது லேசுப்பட்ட நடிப்பா? கொலை, பிணம், லேப்னு போற கதையில வீட்டுல எல்லாரும் சிரிச்சது அவர் ஒருத்தராலதான். அப்படிப்பட்டவர் செத்த செய்தியிலயும் அவரோட சொந்தப் பேரைத் தேடித்தான் படிக்க வேண்டியிருந்துச்சு.

இதுல கொடுமை என்னன்னா, நின்னு போய் மறுபடி ஆரம்பிச்ச சீரியல்ல, 2025 ஏப்ரல்ல கதைப்படி ஏசிபி பிரத்யுமன் செத்துட்டாருன்னு காட்டினதும் சேனலே அஞ்சலி போஸ்ட் போட்டுச்சு, நாடு பூரா செய்தி, ஜனங்க ஒரே புலம்பல், அப்புறம் கொஞ்ச நாள்ல அவரைத் திரும்பக் கூட்டிட்டும் வந்துட்டாங்க. கேரக்டர் எழுந்து வந்துடும் சார். தினேஷ் ஃபட்னிஸ் வரமாட்டார்.

நம்ம சீரியல்ல 'இனி இவருக்குப் பதில் இவர்'னு ஒரு கார்டு போட்டுட்டு மறுநாளே வேற முகத்தைக் காட்டுவாங்க, நாமளும் ரெண்டே நாள்ல பழகிடுவோம். சிஐடில முக்கியமான நாலஞ்சு பேர் 2018 அக்டோபர்ல மொத தடவை நிறுத்தற வரைக்கும் வருஷக்கணக்கா அதே முகமா நின்னாங்க, அதனாலதான் சொந்தப் பேரே மறைஞ்சு போச்சு போல. அடுத்த தடவை துணுக்கு போடறப்போ கேரக்டர் பேருக்குப் பக்கத்துல ஆளோட பேரையும் சேர்த்துப் போடுங்க, இடம் பத்தலைன்னா அந்தக் கதவு ஜோக்கை எடுத்துடுங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய சிஐடி ரசிகன்