பூ காய்ந்த பிறகு மிஞ்சும் நிறம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

செடியை லத்தீனில் விவரிக்கும் அந்தப் பக்கத்தை நீ போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாயே, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லை, அப்பாவை வாசிக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல எனக்குப் பிடிபட்டது. ‘பெட்டாலா ஆல்பா’. ஆல்பா என்றால் பெண்பால் ஒருமைதானே, பக்கத்துப் படத்தில் ஐந்து இதழ் இருக்கிறதே என்று நீ குழம்பியிருக்கிறாய்.

இதில் எல்லாரும் ஒருமுறையாவது விழுவார்கள். நானும் விழுந்தவள்தான். வெள்ளைக்கு ஆண்பால் ஆல்பஸ், பெண்பால் ஆல்பா, இரண்டும் இல்லாத பாலுக்கு ஆல்பம். இந்த மூன்றாவது பால் பன்மைக்குப் போகும்போது அதுவும் ஆல்பா ஆகிவிடும். இதழ் ஒன்று என்றால் பெட்டாலம், பல என்றால் பெட்டாலா. ஆகவே பெட்டாலா ஆல்பா என்றால் ‘இதழ்கள் வெள்ளை’. அதே பக்கத்தில் ‘கொரோலா ஆல்பா’ என்று இருந்தால், இதழ்கள் சேர்ந்த அல்லிவட்டம் வெள்ளை, அது பெண்பால் ஒருமை. ‘ஃப்ளோரெஸ் ஆல்பி’ என்றால் பூக்கள், ஆண்பால் பன்மை. நிறத்தை மட்டும் பிய்த்து எடுத்து மனப்பாடம் செய்யாதே, அது எந்தச் சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்று பார்.

மரங்கள் இன்னும் வேடிக்கை. பட்டுப்பூச்சிக்குப் போடும் மல்பெரி மோரஸ் ஆல்பா. மோரஸ் என்ற சொல்லைப் பார்த்தால் ஆண்பால் போல இருக்கும், ஆனால் ரோமானியர்களுக்கு மரம் என்றாலே பெரும்பாலும் பெண். மரத்தை அஃறிணையில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கும் நமக்கு இது கொஞ்சம் படுத்தும். வகுப்பில் யாராவது ‘மோரஸ் ஆல்பஸ்’ என்று எழுதிவிட்டால் நான் திட்டியதே இல்லை, சிரித்துக்கொண்டே திருத்துவேன்.

2012 ஜனவரி 1 முதல் புதுச் செடிக்கு லத்தீன் இல்லாமல் ஆங்கிலத்திலேயே விளக்கம் எழுதலாமே, நான் ஏன் இதைப் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். எழுதுவதற்கு வேண்டாம், சரி. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் எழுதியதிலிருந்து வந்த அத்தனையையும் யார் படிப்பது? நீ இருக்கும் எடின்பரோவிலேயே மருத்துவம் படித்துவிட்டு நம் பக்கம் வந்து செடிகளை ஆராய்ந்த ராபர்ட் வைட்டை எடுத்துக்கொள். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட ‘ஐகோனெஸ்’ என்ற செடிப்படத் தொகுதிகளில் 2,101 படங்கள். அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் நம் பக்கத்து ஓவியர்கள், ரங்கையாவும் கோவிந்துவும். அச்சான அந்தப் படங்களில் வண்ணம் இல்லை, வெறும் கோடுதான். பூ என்ன நிறம் என்று தெரிய வேண்டுமானால் சொல்லைத்தான் தேடிப் போக வேண்டும். அந்த ஓவியர்கள் கையால் வரைந்த மூலப் படங்கள் உங்கள் தாவரவியல் தோட்டத்து நூலகத்தில் இருக்கின்றன. கேட்டுப் பார். கிடைத்தால் எனக்காகவும் ஒரு நிமிஷம் நின்று பார்.

எனக்கு இந்தச் சொற்கள் மேல் மரியாதை வந்தது ஒரு அவமானத்தில்தான். எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம், கொடைக்கானல் டூர். சோலைக்குள் ஒரு ஓடை ஓரமாகக் காசித்தும்பை இனத்துச் செடி ஒன்று பூத்திருந்தது. ஆசையாகப் பறித்து, நியூஸ்பேப்பருக்குள் வைத்து, செடியை அழுத்திக் காயவைக்கும் பிரஸ்ஸை இறுக்கிக் கட்டினேன். நோட்டில் இடம், தேதி, உயரம் எல்லாம் எழுதினேன். நிறம் எழுதவில்லை. இவ்வளவு பளிச்சென்று இருப்பது மறக்கவா போகிறது என்று நினைத்தேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் டீத்தூள் வடிகட்டிய துணி மாதிரி ஒரு பழுப்புக் கறை. அந்த இனத்துப் பூக்கள் காகிதத்தில் நிற்கவே நிற்காது, சவ்வு மாதிரி ஒட்டிக்கொள்ளும். “என்ன கலர்ம்மா?” என்றார் புரொபசர். நான் ரோஸ் என்றேன். கூட வந்தவள் ஊதா என்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் அந்த ஷீட்டை ஓரமாக எடுத்து வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம்தான் நிறப்பெயர்களை உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, ரோமானியர்கள் நிறத்தை மட்டும் பார்க்கவில்லை, பளபளப்பையும் சேர்த்தே பார்த்தார்கள் என்று தெரிந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் ஆல்பஸ். தும்பைப்பூ வெளுப்பு என்கிறோமே, அது கேண்டிடஸ். தேர்தலில் நிற்பவர்கள் அங்கியைச் சுண்ணம் பூசி வெளுத்துக் கட்டிக்கொண்டு வருவார்களாம், அதனால் அவர்களுக்கு ‘கேண்டிடாட்டஸ்’ என்று பெயர். வெள்ளை வேட்டி சட்டையின் வரலாறு நாம் நினைத்ததைவிட நீளம். கறுப்பிலும் அப்படியே இரண்டு. நாவற்பழம் மாதிரி மினுங்கினால் நைகர். அடுப்புக்கரி மாதிரி செத்த கறுப்பு ஆட்டர். ஆகாத நாட்களைக்கூட ஆட்டர் நாட்கள் என்றுதான் சொன்னார்கள். செடிப் பெயர்களில் இந்த வித்தியாசம் கொஞ்சம் தேய்ந்துவிட்டது, ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்.

மஞ்சளில் ஒரு பொறி உண்டு. லூட்டியஸ் என்று நெடிலாக இருந்தால் மஞ்சள், அந்த ஊர்ச் சாயச் செடி ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. லுட்டியஸ் என்று குறிலாக இருந்தால் சேறு. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். குறில் நெடில் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், உன் வகுப்பில் மற்றவர்கள் திணறும்போது நீ பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

நிறைய நிறப்பெயர்கள் சாயத்திலிருந்து வந்தவைதான். நம் வாசல் இட்லிப்பூ இக்ஸோரா காக்சினியா. காக்சினியஸ் என்பது கருவாலி மரத்தில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு. பூச்சி என்று தெரியாமல் அதைப் பழக்கொட்டை என்று நினைத்துப் பெயர் வைத்தார்கள். என் கல்யாணப் புடவை அரக்கு நிறம் என்கிறோமே, அந்த அரக்கும் பூச்சி தருவதுதான். பர்ப்பூரியஸ் கடல் நத்தையிலிருந்து வந்தது. கொழிஞ்சியின் பெயர் டெஃப்ரோசியா பர்ப்பூரியா. முதல் பாதி கிரேக்கம், இலையின் சாம்பல் பூத்த நிறம். இரண்டாம் பாதி பூவின் நிறம். ஒரு களைச்செடிக்கு எவ்வளவு கவனமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பார்.

ஆனால் இந்தச் சொற்களை அப்படியே நம்பியும் விடாதே. ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் அன்னப்பறவையை பர்ப்பூரியஸ் என்று பாடியிருக்கிறார். அன்னம் ஊதாவா? ஜொலிக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறார். நாம் பசும்பொன் என்கிறோம், பொன் என்ன பச்சையாகவா இருக்கிறது? பச்சைத்தண்ணீர், பச்சைப்பிள்ளை, பச்சைப்பொய். லத்தீனில் பச்சைக்கு விரிடிஸ், அதுவும் இளமைக்கும் துடிப்புக்கும் ஆகி வரும். சந்தன மரத்தைப் பார், சாண்டலம் ஆல்பம். பூ வைக்கோல் நிறத்தில் தொடங்கி, கருஞ்சிவப்பாக மாறும், வெள்ளையே கிடையாது. பெயரைப் படித்துவிட்டு பூ வெள்ளை என்று எழுதிய பரீட்சைத் தாள்களை வருஷா வருஷம் திருத்தியிருக்கிறேன்.

இன்னொன்று. சொல்லின் வாலைப் பார். ‘-எசென்ஸ்’ என்று முடிந்தால் அந்த நிறத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ரூபெசென்ஸ் என்றால் சிவப்பு ஓடியது. புடவைக் கடையில் உன் பாட்டி ‘பச்சை ஓடின மஞ்சள்’ என்று கேட்டு சேல்ஸ்மேனை அலைக்கழிப்பாரே, அவருக்கு இந்த வேலை சுலபமாக வந்திருக்கும்.

அடுத்த வாரம் சித்தப்பா அங்கே வருகிறார். அவர் கையில் மணத்தக்காளி வற்றல் கொடுத்தனுப்புகிறேன். டப்பாவில் ‘சொலானம் நைக்ரம்’ என்று எழுதினேன். “நம்ம வீட்டுப் பெண்ணுக்குத்தானே அனுப்புற, தமிழ்ல எழுதேன்” என்றார் அப்பா. சரி என்று இரண்டையும் எழுதிவிட்டேன். எண்ணெயைக் கொஞ்சமாக விட்டு, தீயைக் குறைத்து வறு. போனைப் பார்த்துக்கொண்டு நின்றாயானால் நைக்ரம் ஆட்ரம் ஆகிவிடும்.

அன்புடன்,
அம்மா