பறவையை வெளிச்சத்துக்கு இழுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பறவைகளைப் படமெடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சிதான். ஆனால் சோலைக்காடு மாதிரி இருட்டான இடத்தில் கேமராவின் ஒளி உணரும் திறனான ஐஎஸ்ஓவை 800-க்கு மேல் ஏற்றக் கூடாது, ஃபிளாஷ் போடலாம், அதுவும் சரிப்படாவிட்டால் செல்போனில் அந்தப் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வெயில் படும் கிளைக்கு வரவழைக்கலாம் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அந்த 800. அது பழைய கேமராக்களின் காலத்துக் கணக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில் சீகாரப் பூங்குருவி விடிவதற்கு முன்பே ஓடைப் பக்கம் உட்கார்ந்து, யாரோ ஒரு பையன் சீட்டியடிப்பது போலப் பாட ஆரம்பித்துவிடும். விடிந்த பிறகும் அந்த ஓடைக்குள் வெளிச்சம் எட்டிப்பார்க்க வெகுநேரம் ஆகும். நம்மில் பலரிடம் இருக்கும், குறைவாகவே வெளிச்சத்தை உள்ளே விடும் எஃப் 6.3 லென்ஸோடு ஐஎஸ்ஓ 800 வைத்தால் ஷட்டர் வேகம் 1/30 நொடிக்கு இறங்கிப் படம் ஆடிப்போகும், அதே வெளிச்சத்தில் 6400 வைத்தால் 1/250 கிடைக்கும். புள்ளி புள்ளியாக நாய்ஸ் வருமே என்றால், வரட்டும். கேமரா சுருக்காமல் பதிவு செய்யும் ரா ஃபைலாக எடுத்திருந்தால் அதைப் பிறகு கணினியில் பெருமளவு குறைத்துவிடலாம், ஆடிப்போன கண்ணை அப்படிச் சரிசெய்ய முடியாது. லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், பாடும்போது துடிக்கிற தொண்டையை அல்ல. ஒரு வரி பாடி முடித்து அடுத்த வரிக்கு முன் பறவை ஒரு நொடி நிறுத்தும் பாருங்கள், அப்போது நாலைந்து படம் தொடர்ச்சியாக அடித்தால் ஒன்றாவது தேறும்.

படத்தில் எவ்வளவு வெளிச்சம் பதிய வேண்டும் என்கிற எக்ஸ்போஷர் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. மூடுபனி வானத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பறவையைக் கேமராவின் போக்கில் விட்டால் கரிக்கட்டைதான் வரும், ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). இருண்ட மரத்தடியில் வெள்ளை வாலோடு திரியும் ஆண் அரசவால் ஈப்பிடிப்பானுக்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறகு எல்லாம் வெளுத்துப்போகும். உச்சி வெயில் இலை இடுக்கில் பொட்டுப் பொட்டாக விழும் நேரம்தான் இருப்பதிலேயே மோசம். அதற்கு மேகமூட்டம் எவ்வளவோ மேல்.

ஃபிளாஷ் பறவையின் கண்ணைக் கெடுக்குமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. படத்தைக் கெடுக்கும். பூங்குருவியின் தோள் நீலம் தகடு போல மின்னும், பின்னணி நள்ளிரவாகிவிடும், பனி இருந்தால் காற்றில் இருக்கும் துளியெல்லாம் வெள்ளையாக விழும்.

குரலை ஒலிக்கவிடுவது இதைவிட மோசம். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நம்பித்தான் சோலைபாடிப் பறவை வெளியே வருகிறது, இரை தேடுவதையும் கூட்டுக் காவலையும் விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. ஒருவர் ஒருமுறை செய்தால் பரவாயில்லை என்று சொல்லலாம், ஆனால் சுற்றுலா ஊர்களில் வாராவாரம் வெவ்வேறு ஆட்கள் அதே மரத்தடியில் அதே பதிவைப் போடுகிறார்களே!

அப்புறம், கட்டுரையோடு போட்டிருந்த கூட்டுப் படம். சுற்றியிருந்த இலைகளை வெளிச்சத்துக்காக ஒதுக்கியது போலத்தான் எனக்குத் தெரிந்தது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே பறவைகளின் முட்டைக்கும் கூட்டுக்கும் தொந்தரவு கொடுப்பதும் அடங்கும். கூட்டுப் படங்களைப் பத்திரிகையில் போடாமல் இருப்பதே நல்லது.

இனி வாசகர்களின் பறவைப் படங்களை வெளியிடும்போது ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம் இரண்டையும் கீழே கொடுங்கள், குரல் ஒலிக்கவிட்டு எடுத்ததா என்றும் கேட்டுப் போடுங்கள். ஆம் என்று பதில் வந்தால் அந்தப் படம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி