பனாமாவில் கயிறு பிடித்தது

சுங்கை சிப்புட்

அன்பு நண்பா,

உன் குரல்பதிவைக் கேட்டேன். மூட்டுவலி குறைந்துவிட்டது என்றாயே, அதுவே பெரிய நிம்மதி. இங்கே மழை விட்டபாடில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தில் மிச்சமிருந்த வீடுகளையும் உடைத்துச் செம்பனைக் கன்று நட்டுவிட்டார்கள். கோயில் மட்டும் நிற்கிறது. திருவிழாவுக்குக் கூட்டம் நன்றாகவே வந்தது.

ராட்சதக் கப்பல் போகும் பனாமாக் கால்வாயில் பாய்மரப் படகுக்கும் உனக்கும் என்ன வேலை என்று கேட்டிருந்தாய். அக்காள் மகன் தன் 38 அடிப் படகைக் கரீபியன் பக்கத்துக் கொலோனிலிருந்து பசிபிக்குக்குக் கொண்டுபோக ஆள் தேடினான். படகோட்டி தவிர, கயிறு பிடிக்க நான்கு பேர் இருந்தே ஆகவேண்டும் என்பது அங்கே விதி. லுமுட் கப்பல் பட்டறையில் கயிறும் இரும்புமாக இருந்தவன் என்பதால் “மாமா, நீங்க வாங்க” என்றான். போனேன்.

அதிகாரி ஒருவர் வந்து படகை அளந்த பிறகுதான் நாள் குறிப்பார்கள். பாய் விரிக்க அனுமதியில்லை, கடைசிவரை இன்ஜின்தான். இருபுறமும் பழைய டயர்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தொங்கவிட்டோம். 38 மீட்டர் நீளத்தில் நான்கு தடித்த கயிறுகள், மூலைக்கு ஒன்று. கால்வாய் நிர்வாகத்தின் அட்வைசர் ஒருவர் நம்முடனேயே வருவார். அவருக்குச் சூடான சாப்பாடு போடுவதும் நம் பொறுப்பு. கோழிக்குழம்பும் சோறும் வைத்தேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் காத்தூன் லாக்குக்குள் நுழைந்தோம். லாக் என்றால் முன்னும் பின்னும் இரும்புக் கதவு போட்ட காங்கிரீட் தொட்டி. ஒவ்வொன்றும் 305 மீட்டர் நீளம், 33.5 மீட்டர் அகலம். முன்னால் ஒரு சரக்குக் கப்பல், அதன் பின்னால் நாங்கள். சுவரின் மேலிருந்து ஆட்கள் நுனியில் முடிச்சுருண்டை போட்ட மெல்லிய கயிற்றை வீசுவார்கள். அதில் நம் கயிற்றைக் கட்டியதும் மேலே இழுத்துத் தூணில் மாட்டுவார்கள். பின்கதவு மூடும். தரையிலுள்ள துவாரங்களிலிருந்து தண்ணீர் பொங்கும். பம்பு கிடையாது, மேலேயிருக்கும் ஏரித் தண்ணீர் தன் பாரத்தாலேயே இறங்கி நிரப்புகிறது. கொதிக்கும் உலை மாதிரி அடியில் புரளும்போது படகு சுவரைப் பார்த்துத் திரும்பப் பார்க்கும். ஏற ஏறக் கயிறு தொய்யும், தொய்வை உடனே இழுத்துச் சுற்ற வேண்டும். நாலு பேரில் ஒருவர் பிந்தினாலும் படகு கோணிவிடும். எனக்குப் பெரிய சோதனை அதற்குப் பிறகு வந்தது. முன்னால் நின்ற கப்பல் தன் விசிறியைச் சுழற்றிப் புறப்பட்டபோது வந்த நீர்வேகத்தில் உள்ளங்கை எரிந்துவிட்டது. கயிற்றை விடவில்லை.

இப்படி மூன்று தொட்டி. 26 மீட்டர் ஏறி ஏரிக்கு வந்துவிடுகிறோம். சாக்ரஸ் ஆற்றை அணைகட்டி உண்டாக்கிய ஏரி அது. இரவு மிதவையில் கட்டிக்கொண்டு படுத்தோம். முதலை இருப்பதால் நீந்தக்கூடாது. மறுநாள் இறக்கம் எளிது. பெத்ரோ மிகேலில் ஒரு படி, மிராஃப்ளோரெஸில் இரண்டு. இம்முறை கப்பலுக்கு முன்னால் நாங்கள், கயிற்றை மெல்ல விட்டுக்கொடுத்தால் போதும். ஒவ்வொரு கடப்புக்கும் ஏரியின் நல்ல தண்ணீர் கடலுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் 2023 வறட்சியில் கப்பல்களின் எண்ணிக்கையையே குறைக்க வேண்டி வந்தது. மழை பொய்த்தால் உலக வாணிகமே வரிசையில் நிற்கிறது, பார்த்தாயா.

ஆனால் உனக்கு எழுத வேண்டும் என்று நான் துடித்தது வேறொன்றுக்காக. ஏரிக்கும் பெத்ரோ மிகேலுக்கும் நடுவே குலேப்ரா வெட்டு, மலையைப் பிளந்த இடம். 13 கிலோமீட்டருக்கு மேல். பார்படோஸ் முதலிய தீவுகளிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவந்த கறுப்பினத் தொழிலாளிகள்தான் பெரும்பாலும் வெட்டினார்கள். வெள்ளை அமெரிக்கர்களுக்குத் ‘தங்கப் பட்டியல்’, இவர்களுக்கு ‘வெள்ளிப் பட்டியல்’. சம்பளம், குடியிருப்பு, சாப்பாட்டுக்கூடம் எல்லாம் வேறுவேறு. பிரெஞ்சுக்காரர்கள் முயன்ற காலத்தில் 22,000 பேர் வரை இறந்ததாகக் கணக்கு, பாதிக்கு மேல் மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும். 1904க்குப் பின் அமெரிக்கர் காலத்தில் இன்னும் 5,609 பேர். துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் நடுவே வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா? அந்தச் சுவர்களுக்கு நடுவே போகும்போது என் பாட்டனோடு மலாயாவுக்குக் கப்பலேறி வந்து, பெயர்கூடத் தெரியாமல் புதைந்தவர்கள்தான் நினைவில் நின்றார்கள். அழுதேன், மறைக்கவில்லை.

அங்கே கொசுவை ஒழித்தவர் கோர்காஸ் என்ற மருத்துவர். வடிகால் வெட்டி, தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றினார். அதற்கு முன்னமே, 1901 முதல், நீ இருக்கும் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துவிட்டார். அந்த வடிகால்களை மண்வெட்டியோடு இறங்கி வெட்டியவர்கள் யார்? வாட்சன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, அவர்கள் பெயர் இல்லை.

உன் பெரியம்மாவின் தகப்பனார் அந்தப் பக்கம் வடிகால் வேலைக்குப் போனதாக முன்பு சொன்னாயே. பெரியம்மாவுக்கே இப்போது தொண்ணூறு தாண்டியிருக்கும். அவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே உட்கார்ந்து கேள்: எந்தத் தோட்டம், யார் கங்காணி, என்ன கூலி. கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பு. எழுதி எடுப்பது என் வேலை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்