தடுப்பூசி அட்டையைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் என் மகளுக்கு ஒரே தடுப்பூசியை இரண்டாம் முறையாகப் போட்டுவிட்டார்கள். ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் 10 வயதில் போடுகிற டிடி ஊசி. ஐந்தாம் வகுப்பில், பழைய பள்ளியில் நடந்த முகாமிலேயே அவளுக்கு அது போட்டாயிற்று. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி. "போன வருஷமே போட்டாங்க மிஸ்" என்று சொல்லியிருக்கிறாள். கையில் தாள் இல்லை, அதனால் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஒரு போன் செய்திருந்தால் சொல்லியிருப்பேன்.

தோள் வீங்கி, இரண்டு நாள் காய்ச்சல். பெரிய ஆபத்தில்லை என்றார் மருத்துவர். சரி. ஆனால் படுத்துக்கொண்டே அவள், "நான் பொய் சொல்றேன்னு நினைச்சுட்டாங்கம்மா" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பழைய பள்ளியில் போய்க் கேட்டேன். பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்காரர்கள் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே போனால், பள்ளியில்தான் இருக்கும் என்றார்கள். இதற்கே இரண்டு அரைநாள் லீவு போயிற்று. அப்புறம், எல்கேஜி சேர்க்கையின்போது வாங்கி வைத்த அசல் தடுப்பூசி அட்டையையாவது கொடுங்கள் என்றேன். பிறந்தபோது போட்ட பிசிஜி, 6, 10, 14 வாரத்து ஊசிகள், ஒன்றரை வயது பூஸ்டர் என்று கிராம சுகாதார செவிலியர் தன் கையால் தேதி போட்டு எழுதிய அட்டை அது. வேறு நகல் என்னிடம் இல்லை. ஆபீஸை மாடிக்கு மாற்றியபோது பழைய ஃபைல்கள் எங்கே போயின என்று தெரியவில்லையாம்.

அதே ஆபீஸில், யுகேஜியில் நான் தாமதமாகக் கட்டிய வேன் கட்டணம் கணினியில் ஒரு நிமிடத்தில் வந்தது. பணத்தின் கணக்கைக் காக்கத் தெரிந்தவர்களுக்குப் பிள்ளையின் உடம்பில் ஏறிய மருந்தின் கணக்கைக் காக்க முடியாதா? கல்வித்துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தருகிற எமிஸ் அடையாள எண் பள்ளி மாறினாலும் பிள்ளையோடு கூடவே வருகிறது. ஊசி போட்ட தேதி மட்டும் ஏன் வாசலோடு நின்றுவிடுகிறது?

கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். உங்களுக்கு இருக்கும் வேலைப்பளு தெரியாமல் இல்லை. நான் கேட்பது பெரிய செலவு வைக்கிற காரியமும் இல்லை. சேர்க்கையின்போது நகலை வைத்துக்கொண்டு அசல் அட்டையை அன்றே திருப்பிக் கொடுங்கள். முகாமுக்கு முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊசி போட்டதும் பெயர், தேதி, மருந்து எழுதி ஒரு சீட்டு கொடுத்தனுப்புங்கள். டிசி கொடுக்கும்போது அந்த விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

என் மகளுக்கு 16 வயதில் அடுத்த டிடி ஊசி போடவேண்டும். அன்றைக்கு அவள் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். தயவுசெய்து அசல் அட்டைகளைத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்