துடுப்பு முதலில் யாருடைய கையில் இருந்தது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக்கில் எண்மர் படகோட்டத்தில் தங்கம் வென்ற அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழக அணியைப் பற்றி, சென்ற ஞாயிறு இதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். மரம் வெட்டுவோரும் கமக்காரரும் பெற்ற பிள்ளைகளின் கதையைத் தமிழில் தந்தமைக்கு நன்றி. ஆயினும் அவர்கள் ‘வறுமையையும் மீறி’ வென்றார்கள் என்று கட்டுரை மூன்று இடங்களில் கூறியிருப்பது எனக்கு உடன்பாடில்லை. உடலுழைப்புத்தான் அவர்களைப் படகோட்டிகளாக்கியது. குறுக்கே நின்றவை பணமும், பணமுள்ளோர் வகுத்த விதிகளுமே.

அந்த அணியின் ஜோ ரான்ட்ஸ், சிறு வயதில் தாயை இழந்து, பதினைந்து வயதளவில் தந்தையாலும் சிற்றன்னையாலும் தனியே விடப்பட்டு, கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்து வளர்ந்தவர். பல்கலைக்கழகச் செலவுக்காக, கோடை விடுமுறையில் கிராண்ட் கூலி அணைக்கட்டில், செங்குத்தான பாறையில் கயிற்றிலே தொங்கியபடி துளைபொறியால் கல்லை உடைத்தார். அதே அணியின் சக் டே, ஜோன் வைட் ஆகியோரும் அந்த அணைக்கட்டில் வேலை செய்தவர்களே. இத்தகைய தோள்கள் எந்தப் பயிற்சிக்கூடத்தில் கிடைக்கும்? ஒலிம்பிக்குக்குத் தெரிவான பின்னரும், பயணச் செலவுக்கு 5,000 டொலர் வரை அணியே தேடிக்கொள்ள வேண்டும் என்று கூறப்பட்டபோது, சியாட்டில் மக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்து இரண்டொரு நாட்களில் அத்தொகையைச் சேர்த்து அனுப்பிவைத்தார்கள்.

ஒகஸ்ட் 14ஆம் திகதி, காற்று மிகுந்த வெளித்தடத்தில், அணியின் வலிப்பு வேகத்தை வகுக்கும் துடுப்பாளர் டொன் ஹியூம் நோயுற்றிருந்த நிலையில், தொடக்க அறிவிப்பு சரியாகக் கேட்காமல் பிந்திப் புறப்பட்டு, பாதி வழிவரை பின்தங்கியிருந்தும் 6 நிமிடம் 25.4 செக்கனில் அவர்கள் முதலாவதாக வந்ததைக் கட்டுரை நன்றாகவே விவரித்திருந்தது. 0.6 செக்கன் பிந்தி இரண்டாவதாக வந்த இத்தாலியரைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. அவர்கள் லிவோர்னோ துறைமுக நகரின் தொழிலாளர்கள். 1932இல் லொஸ் ஏஞ்சல்ஸிலும் அந்நகரத்து அணி 0.2 செக்கனில்தான் தங்கத்தைத் தவறவிட்டது. அன்று பேர்லினில் முதல் இரண்டு படகுகளையும் செலுத்தியவை உழைத்துக் காய்த்த கைகளே என்பதை வாசகர்கள் அறிய வேண்டும்.

இது 1936இல் தொடங்கிய கதையுமன்று. 1867 ஜூலையில் கனடா ஒரு கூட்டாட்சியாக உருவான அதே மாதத்தில், நியூ பிரன்ஸ்விக்கின் செயின்ட் ஜோன் நகரிலிருந்து மூன்று மீனவர்களும் ஒரு வெளிச்சவீட்டுக் காவலரும் பாரிஸ் உலகக் கண்காட்சிப் போட்டிக்குச் சென்றார்கள். ரொபர்ட் ஃபுல்டன், ஜோர்ஜ் பிரைஸ், சாமுவேல் ஹட்டன், எலியா ரொஸ் என்பன அவர்களின் பெயர்கள். மற்றைய படகுகளில் சுக்கான் பிடிப்பதற்கென்று ஒருவர் அமர்ந்திருக்க, இவர்கள் சுக்கானி இல்லாமலே வந்தார்கள். அவர்களின் உடையையும் துடுப்பு வலிக்கும் முறையையும் கண்டு நகைத்தவர்களின் முன்னால், இங்கிலாந்து, பிரான்ஸ் அணிகளைப் பின்னே விட்டு வென்றார்கள். அலையிலும் காற்றிலும் தினமும் வள்ளம் வலித்தவனுக்கு பாரிஸின் சேன் நதி எம்மாத்திரம்! 1871 ஒகஸ்டில் செயின்ட் ஜோனை அடுத்த கெனபெகேசிஸ் ஆற்றில் இங்கிலாந்தின் டைன் அணி இவர்களை எதிர்த்தபோது, அவ்வணியின் ஜேம்ஸ் ரென்ஃபோர்த் ஓட்டத்தின் நடுவே படகிலேயே சரிந்து, கரைக்குக் கொண்டுவரப்பட்ட பின் உயிர்நீத்தார். அவரும் இரும்புப் பட்டறையில் வேலை செய்த தொழிலாளிதான். எதிரணி வீரராயினும், அவ்விடத்து மக்கள் தம் ஊருக்கே அவருடைய பெயரைச் சூட்டினார்கள்.

இவ்வாறு தொழிலாளர்கள் வென்றுகொண்டிருந்த காலத்தில்தான் கதவு மூடப்பட்டது. இங்கிலாந்தின் ஹென்லி போட்டிக்கான 1879ஆம் ஆண்டு விதிகள், கூலிக்குக் கைவேலை செய்த எவரையும் ‘அமெச்சூர்’ (பணத்துக்காக அன்றி விளையாடுபவர்) என்று ஏற்க மறுத்தன. கொத்தனார் வேலை செய்த பிலடெல்பியாவின் ஜோன் கெலிக்கு 1920இல் ஹென்லியில் அனுமதி மறுக்கப்பட்டது. அதே ஆண்டு அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் அவர் இரண்டு தங்கங்கள் வென்றார். 1936இலும், பேர்லினுக்குப் புறப்பட்டு வந்த அவுஸ்திரேலிய அணி, அதன் வீரர்கள் பொலிஸ்காரர்கள் என்பதால் ஹென்லியில் விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டில்தான் அந்த விதி நீக்கப்பட்டது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்! அவ்வளவு காலமும் துறைகளிலும் பட்டறைகளிலும் எத்தனை வீரர்கள் அறியப்படாமலே முதுமையடைந்தார்களோ என்று எண்ணுகையில் மனம் கனக்கிறது.

நான் இவ்வளவு அழுத்தமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் கொழும்புத் துறைமுகத்தில், நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்கும் வள்ளத்தில் துடுப்பு வலித்தவர். அவருடைய உள்ளங்கையில், விரல்கள் தொடங்கும் இடத்தில், நான்கு காய்ப்புகள் வரிசையாக இருக்கும். சிறுவயதில் என் தலையைத் தடவும்போது அவை முடியில் சிக்கி இழுக்கும். சில மாதங்களுக்கு முன், அதிகாலையில் பேர வாவிக் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, பயிற்சி முடித்துவந்த ஒரு மாணவன் தன் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பிரித்துத் தோழனுக்குக் காட்டினான். அதே இடத்தில், அதே நான்கு காய்ப்புகள். அதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன்.

1864இல் தொடங்கப்பட்ட கொழும்புப் படகோட்டக் கழகம் இன்றும் அந்த வாவிக் கரையில்தான் இயங்குகிறது. பாடசாலை மாணவர்கள் அங்கே பயில்வது நம் நகரத்துக்குப் பெருமை. ஆனால் வாவியை அண்டியுள்ள கொம்பனித்தெருவின் ஒழுங்கைகளில் வாழும் பிள்ளைகள் கரையில் நின்று பார்ப்பதையே காண்கிறேன். முகத்துவாரத்து மீனவர் பிள்ளைகள் பத்து வயதிலேயே வள்ளத்தில் ஏறுகிறார்கள். நீரோட்டத்தையும் காற்றின் போக்கையும் அவர்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இன்று அவர்களைத் தடுக்கும் விதி எதுவுமில்லை. படகின் விலையும் பயிற்சிச் செலவுமே தடுக்கின்றன.

ஆகவே படகுகள் வைத்திருக்கும் கழகங்களும் பாடசாலைகளும் வாரத்தில் இரண்டு காலைப்பொழுதுகளாவது ஒரு பழைய படகையும் ஒரு பயிற்றுநரையும் இப்பிள்ளைகளுக்கு ஒதுக்கித் தரவேண்டும் என்று தங்கள் பத்திரிகையின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் விளையாட்டுப் பகுதி நிருபர் ஒருமுறை காலை ஆறு மணிக்கு வாவிக் கரைக்கும், மறுநாள் அதே நேரத்தில் முகத்துவாரக் கரைக்கும் சென்று, இரண்டு இடங்களிலும் துடுப்புப் பிடிக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரே கட்டுரையில் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கொழும்பு 02.