லெந்து என்கிற தவக்காலம் தொடங்குமுன் நம் சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டியில் இருக்கும் ஐயாமாருக்கும் அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

நம் கோயில்பிள்ளைக்கு (கோயிலில் மணி அடித்து வேலை பார்த்தவருக்கு) நாம் செய்த தவறைப் பற்றித் தனியாக இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு முறையும் ‘அடுத்த மீட்டிங்ல பாத்துக்கலாம் பிரதர்’ என்றுதான் பதில். அதனால் இப்போது எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன். சபையின் பெயரையோ ஆட்களின் பெயரையோ போடவில்லை, புரிய வேண்டியவர்களுக்குப் புரியும்.

போன வருஷம் அறுப்பின் பண்டிகை அன்று, பூசணிக்காய், சேவல், கேக் எல்லாம் ஏலம் போய் முடிந்தபிறகு வெஸ்ட்ரியில் (கோயிலை ஒட்டிய அறையில்) ஃபேனை நிறுத்திவிட்டு (நோட்டு பறக்குமே) நாலு பேர் வியர்வையோடு உட்கார்ந்து எண்ணினோம். 500 ரூபாய் நோட்டுகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டது நான். ரசீதோடு ஒத்துப் பார்த்தால் 18,500 ரூபாய் குறைந்தது. உள்ளே வந்துபோனது யார் என்று ஒருவர் கேட்டார். டீ கொண்டுவந்த கோயில்பிள்ளை. அவ்வளவுதான், வேறு விசாரணையே கிடையாது.

பதினான்கு வருஷம் விடியற்காலையில் மணி அடித்தவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில், முழங்கால் தண்ணீரில், பெரிய பைபிளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நின்றவர். பின்கட்டு வீட்டைக் காலி செய்ய அவருக்குப் பத்து நாள் கொடுத்தோம். நானும் கையெழுத்துப் போட்டேன், அதனால் ‘கொடுத்தார்கள்’ என்று எழுத முடியாது.

அப்புறம் ஜனவரியில் வெள்ளையடிக்க பீரோவைக் காலி செய்தபோது, பழைய சங்கக் காணிக்கைக் கவர்க் கட்டுக்குள் 37 நோட்டும் அப்படியே இருந்தன, நான் போட்ட பச்சை ரப்பர் பேண்டோடு. கவரோடு சேர்த்துக் கட்டியது நானாகத்தான் இருக்க வேண்டும். நாம் என்ன செய்தோம்? ‘ஏலப் பாக்கி வரவு’ என்று கணக்கில் ஒரு வரி எழுதி, பணத்தை பேங்கில் கட்டிவிட்டு, ஜெபத்தோடு மீட்டிங்கை முடித்தோம்.

1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அமலேக்கியருடையதை எல்லாம் அழிக்கச் சொல்லியும் சவுல் ராஜா கொழுத்த ஆடுமாடுகளைத் தப்பவிட்டு, கர்த்தருடைய சொல்லை நிறைவேற்றிவிட்டேன் என்று தீர்க்கதரிசி சாமுவேலிடமே சொல்கிறான். அப்படியானால் என் காதில் விழும் இந்த ஆட்டுச் சத்தம் என்ன என்று அவர் கேட்கிறார். நம் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் அந்த ஒரு வரிதான் எனக்கு ஆட்டுச் சத்தம். பலியைவிடக் கீழ்ப்படிதல் உத்தமம் என்ற 22ஆம் வசனத்தை நாம் காலண்டரில் அச்சடிக்கிறோம், எட்டு வசனம் தள்ளி இருப்பதை யாரும் அச்சடிப்பதில்லை. நான் பாவஞ்செய்தேன் என்கிறான் சவுல், அதே மூச்சில் மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்கிறான். ‘தப்புதான் பிரதர், ஆனா சபை மானம் என்னாவது’ என்று நம் மீட்டிங்கில் கேட்டது இதைத்தானே? பிறன் மனைவியை எடுத்து அவள் புருஷனைக் கொல்லவைத்த தாவீது ராஜா செய்தது இதைவிடப் பெரிய அக்கிரமம்தான், ஆனால் நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேரே சொன்னபோது அவன் மானத்தைப் பற்றிப் பேசவில்லை.

கோயில்பிள்ளையைப் பற்றி ‘அவரே ஒண்ணும் கேக்கலையே’ என்றும் ஒரு பேச்சு. எண்ணாகமம் 5ஐ எடுத்துப் பாருங்கள்: பாவத்தை அறிக்கையிட வேண்டும், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தோமோ அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் கேட்டால் மட்டும் என்று அதில் இல்லை. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் தருகிறேன் என்றான், அவனிடமும் யாரும் கணக்குக் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. நாம் திருப்பிக் கட்டியதோ நம் அக்கவுண்டிலேயே!

லெந்து தொடங்கும் சாம்பல் புதன் வருகிறது. ஞாயிறு சேர்க்காமல் 40 நாள் கறியும் மீனும் இல்லாமல் இருந்துவிடுவேன், அது எனக்குச் சுலபம். ஞாயிறுதோறும் எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வதும் சுலபம், இருநூறு பேர் குரலில் என் குரல் தனியாகக் கேட்காது. கஷ்டம் எங்கே என்றால், பிறந்தநாள் திருமணநாள் வாசிக்கிற அறிவிப்பு நேரத்தில் ‘கோயில்பிள்ளை பணம் எடுக்கவில்லை, தவறு எங்களுடையது’ என்று இரண்டு வரி வாசிப்பதில்தான். அதைத்தான் கேட்கிறேன். வாசிக்க ஆள் இல்லையென்றால் நானே வாசிக்கிறேன். அதோடு அவருக்கு விட்டுப்போன மாதங்களின் சம்பளம், கூட ஐந்தில் ஒரு பங்கு. என் பங்கை நான் எடுத்து வைத்துவிட்டேன். பின்கட்டு வீட்டில் இப்போது உடைந்த நாற்காலிகள்தான் குடியிருக்கின்றன. திரும்பி வருவதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.

துரைப்பாக்கம் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருக்கிறார். போன மாதம் அந்த கேட் வரை போனேன். குனிந்து ஏதோ வண்டி நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்வதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டேன், இது என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

இந்தச் சனிக்கிழமை மறுபடி போகிறேன். நைட் டியூட்டி என்பதால் பகலில் தூங்குவார், ஐந்து மணிக்குமேல் போனால் சரியாக இருக்கும். பைக்கில் பின்னால் ஒருவருக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் சொல்லுங்கள்.

உங்களோடு கையெழுத்துப் போட்டவன்