மனு எங்கே நிற்கிறது என்று யாராவது சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ப் பக்கம் பீடி சுற்றும் அக்கா ஒருவர், கணவரின் அடி தாங்காமல் ஓர் அரசு அலுவலகத்தில் மனு கொடுத்தார். பெயரும் தெருவும் வேண்டாம். அந்த மனுவின் ரசீதை நாலாக மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீடி முறத்துக்கு அடியில் வைத்திருந்தார். ஒரு தடவை போய் வந்தால் அன்றைய கூலி போச்சு. இரண்டு தடவை நானும் கூடப் போனேன். முதல் தடவை "மேடம் மீட்டிங்கில் இருக்காங்க" என்றார்கள். அடுத்த தடவை ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த மேடம் மாறிட்டாங்கம்மா, புதுசா ஒண்ணு எழுதிக் கொடுங்க" என்றார்கள். எட்டு மாதத்துக்கு முந்தைய மனு. வியர்வையில் எண் அழிந்திருந்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை. மறுபடி நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் வந்தது. மனு நீதிமன்றத்துக்குப் போனால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் இந்த நாள் கணக்கெல்லாம் மாஜிஸ்திரேட் கைக்கு மனு போன பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முன் அலுவலகத்தில் அது கிடந்த நாட்களை யார் எண்ணுகிறார்கள்?

2022 மார்ச்சில் காட்பாடியில் படம் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறிய பெண் மருத்துவருக்கு நடந்த கொடுமையை நம் மாவட்டம் மறக்காது. 2025 ஜனவரியில் நான்கு பேருக்கு 20 ஆண்டு தண்டனை கிடைத்தது. அந்த வழக்கின் ஒவ்வொரு கட்டமும் செய்தியில் வந்ததால் நமக்குத் தெரிந்தது. செய்தியில் வராத மனுக்களின் கதி?

வேலூரில் எத்தனை டிகிரி வெயில் என்று தினமும் போடுகிறீர்கள். மோர்தானா அணையின் நீர்மட்டமும் வருகிறது. அதே போல, பெண்கள், சிறுமிகள் மீதான வன்முறை பற்றி இந்த மாதம் எத்தனை மனு வந்தது, எத்தனை நீதிமன்றம் போனது, எத்தனை மூன்று மாதம் தாண்டியும் கிடக்கிறது என்று மாவட்ட நிர்வாகம் வெளியிடட்டும். யார் பெயரும் வேண்டாம், எண்ணிக்கை போதும். முக்கியமாகக் கிடப்பில் உள்ள மனுக்களின் வயது தெரிய வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டப்படி இந்த மனுக்களைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலரின் பெயரும் போன் நம்பரும் ரேஷன் கடைப் பலகையில் இருக்கட்டும். ஆள் மாறினால் பலகையும் மாறட்டும்.

வேலை செய்யும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல், ஷூ கம்பெனிகளுக்குத்தான் எத்தனை பெண்கள் போகிறார்கள்! பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றி விசாரிக்கப் புகார்க் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். சின்னப் பட்டறைக்கும் வீட்டு வேலைக்கும் மாவட்டத்திலேயே ஒரு குழு உண்டு. இந்தக் குழுக்கள் ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி 30 நாள் காத்திருந்து கேட்கலாமே என்பார்கள். அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு, அலுவலகங்கள் முடிந்தவரை தாங்களாகவே வெளியிட வேண்டும் என்கிறது. பீடி சுற்றுகிறவர் ஏன் மனுவுக்கு மேல் மனு எழுத வேண்டும்?

எண்ணிக்கை கூடினால் கெட்ட பெயர் என்று அதிகாரிகள் பயப்பட வேண்டாம். புகாரே வராத ஊரை நினைத்தால்தான் எனக்குப் பயம். அங்கே பெண்கள் வாயைத் திறக்கவில்லை என்று அர்த்தம்.

அக்கா புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை ரசீதை என் செல்லில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், காலண்டரிலும் தேதியைக் குறித்திருக்கிறேன். இன்றோடு ஆறு வாரம். உங்கள் நிருபர் அடுத்த முறை அதிகாரிகளைச் சந்திக்கும்போது, இப்படி எத்தனை மனு கிடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம்.